ஊரின் பிழைப்பைப் பார்க்கப் போங்கள்

“சிங்கப்பூர், துபாய், பாலி, பாரிஸ், சுவிட்சர்லாந்து எல்லாம் பார்த்தாயிற்று. எல்லோரும் போகிற இடமாக இல்லாமல், போய் வந்தபின் பல ஆண்டுகள் மனதில் நிற்கிற இடங்கள் உலகத்தில் எங்கே இருக்கின்றன?” என்பது கேள்வி. பத்துப் பெயர்களை எழுதிவிட்டுப் போவது எளிது. ஓர் இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

கூட்டமே இல்லாத இடம் வேண்டும் என்று தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள். துருக்கியின் கப்படோசியாவும் பொலிவியாவின் உயுனி உப்புவெளியும் ஒரு காலத்தில் அதிகம் பேர் அறியாத இடங்கள்தாம். இன்று அங்கே படம் எடுக்கக் காத்து நிற்க வேண்டும். நான் பார்ப்பது வேறு. அந்த ஊர் எதை வைத்துப் பிழைத்தது, இன்று எப்படிப் பிழைக்கிறது என்பது தெருவில் நடந்து போகும்போதே கண்ணில் பட வேண்டும். தண்ணீர் இல்லாத ஊர் தண்ணீருக்கு என்ன செய்தது? வெயில் கொளுத்தும் ஊர் எங்கே போய்ப் படுத்தது? கடல் விட்டுப்போன ஊர் என்ன ஆயிற்று? இப்படி ஒரு கேள்விக்கு விடையாக நிற்கிற ஊர்களில் எனக்கு ஒரு நாளும் சலிப்புத் தட்டியதில்லை.

தமிழ் படிக்கத் தெரிந்தவர் என்பதால் உங்களை முதலில் அனுப்ப விரும்புவது சீனாவின் சுவான்சோ நகரத்துக்கு. குவாங்சோவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஃபுஜியன் மாகாணத்தில், தைவானைப் பார்த்தாற்போலக் கடற்கரையில் இருக்கும் ஊர். பக்கத்துப் பெருநகரமான ஷியாமெனிலிருந்து அதிவேக ரயிலில் சுமார் அரை மணி நேரம். சோங், யுவான் அரச மரபுகளின் காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்று. அரபு வணிகர்கள் இதை ஜைத்தூன் என்றார்கள். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் இதன் பெருமையை எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் குடியிருந்தார்கள், சிவன் கோயில் கட்டிக் கும்பிட்டார்கள்.

வாய்வழிக் கதை இல்லை இது. 1281-ஆம் ஆண்டு சித்திரை மாதத் தேதியிட்ட தமிழ்க் கல்வெட்டு ஒன்று இந்த ஊரில் கிடைத்திருக்கிறது. தமிழ் வரிகளின் அடியில் சீன எழுத்துகளும் உண்டு. தவச்சக்கரவர்த்திகள் என்ற பட்டம் கொண்ட சம்பந்தப் பெருமாள் என்பவர், கானின் ஆணைப்படி, அவருடைய நலத்துக்காகத் திருக்கானீச்சுரத்தில் இறைவனை எழுந்தருளச் செய்ததாக அது சொல்கிறது. அப்போது சீனத்தை ஆண்டவர் குப்லாய் கான். கோயிலின் பெயரிலேயே ‘கான்’ இருப்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் ராஜராஜேச்சுரம், கங்கைகொண்ட சோழேச்சுரம் என்று அரசன் பெயரில் ஈச்சுரம் வைக்கிற வழக்கத்தை, மங்கோலியப் பேரரசனுக்கும் அப்படியே பொருத்திவிட்டார்கள். எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர் ராஜாவை அனுசரித்துப் பிழைக்கத் தெரிந்தவர்கள்.

கோயில் இன்று இல்லை. பதினான்காம் நூற்றாண்டுக் கலவரங்களுக்குப் பிறகு அதன் கற்கள் சிதறிப் போயின. வேறு கட்டடங்களிலும் நகர மதிலிலும் புதைந்தன. இருபதாம் நூற்றாண்டில் மதிலை இடித்தபோது வெளியே வந்த கற்களை, வூ வென்லியாங் என்ற உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் தேடித் தேடிச் சேர்த்தார். அந்த ஒரு மனிதரின் அக்கறை இல்லாவிட்டால் பாதிக்கு மேல் சாலைக்கும் சுவருக்கும் போயிருக்கும். அவர் சேர்த்த கற்கள் பலவற்றை இன்று சுவான்சோ கடல்சார் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். லிங்கத்துக்குப் பூச்சொரியும் யானை, லிங்கத்தின் மேல் பால் சொரியும் பசு என்று நம் தலபுராணங்களில் வருகிற காட்சிகள் வரிசையாக நிற்கும். குறிப்புப் பலகையைப் படிக்காமலே உங்களுக்குப் புரிந்துவிடும்.

என்னை நிற்க வைத்தது வேறோர் இடம். நகரத்தின் நடுவே 686-இல் நிறுவப்பட்ட கைய்யுவான் பௌத்த மடாலயம் இருக்கிறது. அதன் பெரிய புத்தர் மண்டபத்தின் முன்பக்கம் ஊதுவத்திப் புகையும் கும்பிடும் கூட்டமும். அதைத் தாண்டிப் பின்பக்கம் போனால் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். அங்கே பின் தாழ்வாரத்தில், பச்சை சாயல் கொண்ட கருங்கல்லில் பல பட்டைகளாகச் செதுக்கிய இரண்டு தூண்கள். மற்ற தூண்களோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும். அருகே போய்க் குனிந்து பார்த்தேன். வட்டத்துக்குள் ஒரு குழந்தை, இடுப்பில் கயிறு, பின்னால் உரல், இரண்டு பக்கமும் மரம். மருத மரங்களுக்கு நடுவே உரலை இழுத்துக்கொண்டு தவழும் கண்ணன். இன்னொரு வட்டத்தில் மடியில் போட்டுக் கிழிக்கும் நரசிம்மர். வேறொன்றில் முதலை வாயில் அகப்பட்ட யானையைக் காக்க வரும் பெருமாள். விரலால் தொட்டால் கல் குளிர்ந்திருந்தது. கை பட்டுப் பட்டுச் சில முகங்கள் வழுவழுப்பாகிவிட்டன. பக்கத்தில் விளக்குமாற்றால் பெருக்கிக்கொண்டிருந்த பாட்டி, நான் அவ்வளவு நேரம் அங்கே என்ன பார்க்கிறேன் என்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அவர் மொழி தெரியாது. கண்ணனைக் காட்டிவிட்டு என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். தலையாட்டினார்.

அதே மடாலய வளாகத்தில், 1974-இல் ஹோசூ துறையின் சேற்றிலிருந்து தோண்டியெடுத்த பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். உள்ளே வாசனைக் கட்டைகளும் மிளகும் கிடைத்தன. அந்தத் துறைமுகம் எதைத் தின்று கொழுத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஊருக்கு வெளியே லுவோயாங் பாலத்துக்கும் ஒரு மாலை ஒதுக்குங்கள். 1053-இல் தொடங்கி 1059-இல் முடித்த கல் பாலம். கடல் நீர் ஏறி இறங்கும் கழிமுகத்தில் அடித்தளம் நிற்கவில்லை என்றதும், கால்களின் மீது சிப்பிகளை வளர்த்தார்கள். சிப்பிகள் ஒட்டி ஒட்டிப் பெருகிக் கற்களைப் பிணைத்துக்கொண்டன. உயிருள்ள சுண்ணாம்புக் காரை! பாலத்தின் மேல் நடப்பதோடு நிற்காதீர்கள். நீர் வற்றும் நேரம் கேட்டுக்கொண்டு கீழே இறங்கிப் பார்த்தால், படகின் மூக்கைப் போலக் கூர்மையாகக் கட்டிய கால்களில் இன்றும் சிப்பிகள் அப்பியிருக்கும்.

சுன்பு என்ற மீனவர் பகுதியும் இந்த ஊரின் ஓரத்தில்தான். அங்கே பெண்கள் கொண்டையைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூச்சரம் சுற்றிக்கொள்கிறார்கள், மல்லிகையும் உண்டு. இப்போது சீன இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து பூ வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் நண்பகலில் போனால் திருவிழாக் கூட்டம். காலையில் சீக்கிரம் போங்கள். வாசற்படியில் உட்கார்ந்து, தலை நிறையப் பூவோடு, குட்டைக் கத்தியால் சிப்பி உடைத்துக்கொண்டிருக்கும் வயதான பெண்களைப் பார்க்கலாம். பின்னால் இருக்கும் வீட்டுச் சுவரே சிப்பி ஓட்டால் ஆனது. 1009-இல் கட்டிய மசூதியும், ஒளியின் புத்தர் என்ற பெயரில் மானி என்ற பாரசீக ஞானியைக் கும்பிட்ட சிறு கோயிலும் இதே ஊர்ப் பக்கத்தில் இருக்கின்றன. யுனெஸ்கோ 2021-இல் இந்நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இருந்தும் தமிழ்நாட்டிலிருந்து சீனா போகிறவர்கள் பெருஞ்சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு அது தாங்க முடியாத வருத்தம்.

அடுத்து தென் இத்தாலியின் மடேரா. பாரி என்ற கடற்கரை நகரத்திலிருந்து சின்ன ரயில் ஒன்று போகிறது. ரோமும் வெனிசும் பார்த்தவர்களுக்கு இத்தாலி என்றால் பளிங்கும் ஓவியமும். மடேராவில் இருப்பது சுண்ணாம்புப் பாறையும் அதைக் குடைந்த வீடுகளும். ஆழமான பள்ளத்தாக்கின் விளிம்பில் சாஸ்ஸி எனப்படும் குகைக் குடியிருப்புகள் அடுக்கடுக்காக இறங்குகின்றன. கீழ் வீட்டின் கூரைதான் மேல் வீட்டுக்குத் தெரு.

1950-கள் வரை அந்தக் குகைகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்தன. ஒரே அறை. அதிலேயே கட்டில், அதன் கீழே கோழிகள், உள்பக்க மூலையில் கோவேறு கழுதை. மலேரியாவும் குழந்தைச் சாவும் அதிகம். இத்தாலியின் அவமானம் என்று அரசியல்வாதிகள் பேசினார்கள். 1952-இல் சட்டம் போட்டு, ஏறத்தாழ 15,000 பேரைக் குகைகளிலிருந்து வெளியேற்றிப் புதுக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். ஊர் காலியானது. 1993-இல் அதே குகைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியம் என்றது. 2019-இல் மடேரா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம். அவமானம் என்று பூட்டிய வீட்டில் இன்று ஓர் இரவு தங்கப் பெருந்தொகை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து வீட்டை அப்படியே வைத்திருக்கும் சிறு காட்சிக் குகைகள் உண்டு. தங்கும் விடுதியின் வெள்ளைத் திரைச்சீலைகளுக்கு நடுவே படுப்பதற்கு முன் அவற்றில் ஒன்றையாவது பார்த்துவிடுங்கள். கழுதை கட்டிய வளையம் சுவரில் இருக்கும்.

மடேராவில் என்னை அதிகம் கவர்ந்தது தண்ணீர். மேலே போதுமான தண்ணீர் இல்லை. ஆறு பள்ளத்தாக்கின் அடியில். எனவே பெய்யும் மழையில் ஒரு சொட்டையும் விடவில்லை. கூரை, தெரு, படிக்கட்டு எல்லாவற்றிலும் வாய்க்கால் வெட்டி, பாறையைக் குடைந்த தொட்டிகளில் இறக்கினார்கள். பெரிய தொட்டி ஊரின் முக்கியச் சதுக்கத்துக்கு அடியில் இருக்கிறது. பலோம்பாரோ லுங்கோ என்று பெயர். ஏறத்தாழ 50 லட்சம் லிட்டர் கொள்ளும். குழாய்த் தண்ணீர் வந்தபின் எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். 1991-இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். இன்று டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே இறங்கலாம். தேவாலயம்போல உயர்ந்த குகை, பாறையிலேயே விட்டு வைத்த தூண்கள், ஒழுகாமல் இருக்க ஓட்டுத் தூள் கலந்து பூசிய காரை, சுவரில் தண்ணீர் நின்ற மட்டத்தின் கோடு. ஏரியும் ஊருணியும் வெட்டிப் பிழைத்த மண்ணிலிருந்து போகிறவர்களுக்கு அந்தக் கோட்டின் அருமை சொல்லாமலே விளங்கும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனெனில் சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்பார்கள். காய்ந்த அகலமான பயறு ஒன்றை வேக வைத்து மசித்து, கசப்புக் கீரையோடு ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவார்கள். நம் பருப்பும் கீரையும் கலந்த சுவை. சிவப்பு மிளகாயை வெயிலில் உலர்த்தி எண்ணெயில் பொரித்தும் தருவார்கள். காரம் இல்லாத மிளகாய் வற்றல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாயில் போட்டால் நொறுங்கும். ரொட்டி பெரியது, ஒரு கிலோவுக்கு ஒரே ரொட்டி. முன்பு ஊர்ப் பொது அடுப்பில் எல்லார் வீட்டு மாவும் ஒன்றாக வெந்ததால், எது யாருடையது என்று தெரிய ஒவ்வொரு குடும்பமும் மர முத்திரை வைத்திருந்தது. அந்த முத்திரைகள் இன்று கடைகளில் விற்பனைக்குக் கிடைக்கின்றன. நான் வாங்கி வந்த ஒன்று என் மேசையில் இருக்கிறது.

குகையில் குடியிருப்பது பழங்கால வேலை என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி என்ற ஊரில் ஏறத்தாழப் பாதிப் பேர் இன்றும் நிலத்துக்கு அடியில்தான் குடியிருக்கிறார்கள், அதுவும் வசதியாக. அடிலெய்டிலிருந்து வடக்கே சுமார் 850 கிலோமீட்டர். காரில் 9 மணி நேரத்துக்குக் குறையாது. வழியில் செம்மண்ணும் முட்புதரும் தவிர ஒன்றும் இல்லை. ஊர் நெருங்கும்போது தரையெங்கும் வெள்ளை மண் குவியல்கள் ஆயிரக்கணக்கில் தெரியும். எறும்புகள் புற்று வெட்டி மண்ணைத் தள்ளியது போல. ஒவ்வொரு குவியலின் பக்கத்திலும் ஒரு குழி.

1915-இல் தங்கம் தேடி வந்த ஒரு குழுவில் இருந்த 14 வயதுப் பையன் ஓப்பல் என்ற ரத்தினக் கல்லைக் கண்டெடுத்தான். அதிலிருந்து தொடங்கியது ஊர். கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் வெயிலில் தகரக் கொட்டகையில் இருக்க முடியாமல், கல் தோண்டிய சுரங்கத்துக்குள்ளேயே படுத்தார்கள். முதல் உலகப் போரில் பதுங்கு குழி வெட்டிப் பழகியவர்கள் வந்து அதையே வீடாக்கினார்கள். உள்ளே ஆண்டு முழுவதும் 23 முதல் 25 டிகிரி. ஏசி வேண்டாம். நான் தங்கிய நிலத்தடி விடுதியில் சுவரும் கூரையும் வெறும் மணற்பாறை. இளஞ்சிவப்பும் வெண்மையுமாகக் கோடு கோடாக இருக்கும். கூரையில் இயந்திரப் பற்கள் குடைந்த வட்ட வட்டமான தடம். விளக்கை அணைத்தால் கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். சத்தமே இல்லை, என் காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்டது. அப்படி ஒரு தூக்கத்தை நான் வேறெங்கும் தூங்கியதில்லை.

நிலத்தடியிலேயே தேவாலயங்கள், புத்தகக் கடை, அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. செர்பிய மரபுத் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். கூரை வளைவும் சிற்பங்களும் பாறையிலேயே குடைந்தவை. வெளியே பிறர் தள்ளிவிட்டுப் போன மண் குவியலில் கிளறி ஓப்பல் பொறுக்குவதற்கு நூட்லிங் என்று பெயர். அதற்கென்று அனுமதித்த இடத்தில் யார் வேண்டுமானாலும் பொறுக்கலாம். அங்கே ஒரு முதியவர் எனக்குக் கற்றுத் தந்தார்: கல்லை எச்சில் தொட்டுத் தடவி வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். வெறும் பால் நிறமாக இருந்தால் காசு பெறாத கல். சாய்க்கும்போது பச்சையும் நீலமும் உள்ளே நகர்ந்தால் ஓப்பல். கல்லுக்குள் நுண்ணிய சிலிக்கா உருண்டைகள் ஒழுங்காக அடுக்கியிருப்பதால் ஒளி பிரிந்து அந்த நிறம் வருகிறது. இரண்டு மணி நேரத்தில் எனக்குக் கிடைத்தது நகக்கண் அளவில் ஒன்று. ஒரே எச்சரிக்கை: குழிகள் மூடப்படாதவை. படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்தவர்கள் உண்டு, பின்பக்கமாக நடக்காதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். குழந்தைகளைக் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டிப்போங்கள். டிசம்பர், ஜனவரியில் போகவே வேண்டாம்.

அழகான இடம் மட்டும்தான் வேண்டும் என்றால் அடுத்ததைத் தாண்டிவிடலாம். உஸ்பெகிஸ்தானின் மேற்குக் கோடியில் கரகல்பக்ஸ்தான் பகுதியில் மொய்னாக் என்ற ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆரல் கடலின் மீன்பிடித் துறைமுகம். 1960-இல் ஆரல் உலகத்தின் நான்காவது பெரிய ஏரி, ஏறத்தாழ 68,000 சதுர கிலோமீட்டர். அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைச் சோவியத் அரசு பருத்தி வயல்களுக்குத் திருப்பியது. ஏரி சுருங்கியது, உப்பு ஏறியது, மீன் செத்தது. மொய்னாக்கின் மீன் டப்பா ஆலையை மூடாமல் இருக்கத் தொலைதூரக் கடல்களிலிருந்து உறைந்த மீனை ரயிலேற்றிக் கொண்டுவந்து சில காலம் ஓட்டினார்கள். பிறகு அதுவும் நின்றது.

இன்று அந்த ஊர் மேட்டில் நின்று பார்த்தால் கீழே மணல். மணலில் துருப்பிடித்த மீன்பிடிக் கப்பல்கள் ஒரு வரிசையாக. தண்ணீர் 100 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விட்டது. காலடியில் கிளிஞ்சல் ஓடு நொறுங்கும். கப்பல்களின் மேல் ஏறிப் படம் எடுக்கும் பயணிகளை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ஊர்க்காரர்களின் அப்பாவும் தாத்தாவும் ஓட்டிய கப்பல்கள் அவை என்ற நினைப்போடு நில்லுங்கள். பக்கத்திலுள்ள சிறு அருங்காட்சியகத்தில் கடல் இருந்த காலத்துப் படங்களும் மீன் டப்பாக்களும் இருக்கின்றன. கப்பல்களைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுவது நல்லது. எல்லைக்கு அப்பால் கசக்ஸ்தானில் 2005-இல் கோக்-ஆரல் அணையைக் கட்டி ஏரியின் வடக்குப் பகுதியைத் தனியாகப் பிரித்துக் காப்பாற்றினார்கள். அங்கே நீர் உயர்ந்து மீன் திரும்பியிருக்கிறது. மனம் இருந்தால் அந்தக் கரையையும் பார்த்து வாருங்கள், இரண்டையும் பார்த்தால்தான் கதை முழுமை.

மொய்னாக்குக்கு வாசல் நுகுஸ் என்ற நகரம். அங்கே எதிர்பாராத பரிசு ஒன்று உண்டு. இகோர் சாவித்ஸ்கி என்ற ஓவியர் 1966-இல் தொடங்கிய கலை அருங்காட்சியகம். சோவியத் ஆட்சிக்குப் பிடிக்காமல் ஒதுக்கப்பட்ட ஓவியர்களின் படைப்புகளை, மாஸ்கோவின் கண் எட்டாத இந்தப் பாலைவன ஊரில் அவர் ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்தார். கலைஞர்களின் விதவைகள் வீட்டுக்குப் போய்ப் பரணில் சுருட்டிக் கிடந்த துணிகளை வாங்கி வந்தார். டெல்லியிலிருந்து தாஷ்கண்டுக்கு நேர் விமானம் இருக்கிறது. சமர்கண்ட், புகாரா போகும் இந்தியர்கள் இப்போது அதிகம். இன்னும் மூன்று நாள் சேர்த்துக்கொண்டால் நுகுஸும் மொய்னாக்கும் பார்த்துவிடலாம்.

பெரு நாட்டுக்குப் போகிறவர்கள் மச்சு பிச்சு பார்க்கிறார்கள். தவறில்லை. ஆனால் ஜூன் மாதம் போக முடிந்தால் கெஸ்வாசாகா பாலத்தைப் பார்க்காமல் வராதீர்கள். குஸ்கோ நகரத்திலிருந்து மூன்று, நான்கு மணி நேரப் பயணம். அபுரிமாக் ஆற்றின் பள்ளத்தாக்கின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில், சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு வெறும் புல்லால் கட்டிய தொங்குபாலம். பெருவைப் பழங்காலத்தில் ஆண்ட இன்காக்களின் பெருவழிகளில் இப்படிப்பட்ட பாலங்கள் நிறைய இருந்தன. புல் பாலம் ஓர் ஆண்டுக்கு மேல் தாங்காது. எனவே நான்கு ஊர்க்காரர்கள் ஆண்டுதோறும் கூடிப் பழையதை வெட்டி ஆற்றில் விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். பெருந்தொற்றால் 2020-இல் கட்டவில்லை. 2021 மார்ச்சில் பழைய பாலம் அறுந்து விழுந்தது. அந்த ஜூனிலேயே மறுபடி கட்டினார்கள்.

வேலை வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. நனைத்து அடித்த புல்லைப் பெண்கள் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டித் திரிக்கிறார்கள். வைக்கோல் பிரி திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது அந்நியமாகவே தோன்றாது, அதே உருட்டல், அதே முறுக்கு. ஒவ்வொரு குடும்பமும் இத்தனை முழம் என்று கணக்காகக் கொண்டுவந்து தர வேண்டும். பாலம் கட்டும் முதல் நாளில் ஆண்கள் அந்தப் பிரிகளைச் சேர்த்து முறுக்கி, தேர்வடம் போன்ற பெருங்கயிறுகளாக்குகிறார்கள். தரைக்கு நான்கு, கைப்பிடிக்கு இரண்டு. அவற்றை ஆற்றுக்குக் குறுக்கே இழுத்துக் கட்டும்போது இரு கரையிலும் எழும் கூச்சலைக் கேட்க வேண்டும்! பிறகு பாலம் கட்டத் தெரிந்த மூத்தவர்கள் இரு கரையிலிருந்தும் உட்கார்ந்தபடியே பின்னிக்கொண்டு நடுவுக்கு வருகிறார்கள், கீழே ஆறு. ஆணி இல்லை, இயந்திரம் இல்லை. நான்காம் நாள் ஆட்டமும் பாட்டும். சற்றுத் தள்ளி வண்டிகள் போகும் இரும்புப் பாலம் இருக்கிறது. அப்படியிருந்தும் இதைக் கட்டுகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். யுனெஸ்கோ 2013-இல் இந்த அறிவை மானுடப் பண்பாட்டு மரபாக அறிவித்தது. உயரம் பழகுவதற்குக் குஸ்கோவில் இரண்டு நாள் சும்மா இருங்கள். கோகா இலைத் தேநீர் தருவார்கள், குடிக்கலாம். அந்த இலையை ஊருக்கு மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள், பல நாடுகளில் அது குற்றம்.

குளிர் தாங்குகிறவர்களுக்கு நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள். வடதுருவத்துக்கு அருகே 78 டிகிரி அட்சரேகையில் லாங்யர்பியன் என்ற நிலக்கரி ஊர். 2025-இல் கடைசி நார்வேச் சுரங்கமும் மூடப்பட்டுவிட்டது. சுரங்கத் தொழிலாளிகளின் கரி படிந்த காலணியை வாசலிலேயே கழற்றும் பழக்கம் மட்டும் விடுதிகளிலும் அருங்காட்சியகத்திலும் நிற்கிறது. நம் வீட்டு வழக்கத்தை உலகின் உச்சியில் பார்ப்பது மகிழ்ச்சி. வெள்ளைக் கரடிகள் இருப்பதால் ஊர் எல்லையைத் தாண்டி வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது. தீவுக்குத் தனி விசா கிடையாது, ஆனால் நார்வே வழியாகவே போய்த் திரும்ப வேண்டும், தீவோ ஐரோப்பிய நாடுகளின் பொது விசாவான ஷெங்கனின் எல்லைக்கு வெளியே இருக்கிறது, திரும்பி வருவது இன்னொரு நுழைவாகும் என்பதால் இருமுறை நுழையும் ஷெங்கன் விசா எடுங்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு போய்த் திரும்பும்போது திண்டாடியவர்களை எனக்குத் தெரியும். செலவு மிக அதிகம். நானே இதைக் கடைசியில்தான் வைப்பேன்.

விசாவே வேண்டாம் என்றால் மேகாலயாவின் நோங்ரியாட். ஆல மரத்தின் இனமான ரப்பர் மரத்தின் விழுதுகளை ஓடைக்குக் குறுக்கே திருப்பி வளர்த்து, பதினைந்து, இருபது ஆண்டுகளில் அங்குள்ள காசி பழங்குடி மக்கள் பாலமாக்குகிறார்கள். கட்டத் தொடங்குகிறவர், முழுதாக வளர்ந்த பாலத்தில் தன் பேரக்குழந்தை நடக்கும் என்று நம்பித் தொடங்குகிறார். 3,000 படிக்கு மேல் இறங்கி ஏற வேண்டும்; முழங்கால் சரியாக இருக்கும்போதே போய்விடுங்கள்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். ஒரு பயணத்தில் ஓர் இடம் என்று வையுங்கள். குறைந்தது மூன்று இரவு. முதல் நாள் எல்லோரும் பார்ப்பதைப் பார்ப்பீர்கள். இரண்டாம் நாள் வழி பழகும். மூன்றாம் நாள்தான் அந்த ஊர்க்காரர் யாராவது உங்களோடு பேச்சுக் கொடுப்பார். ஐந்து நாடுகளை எட்டு நாளில் காட்டும் சுற்றுலாக் குழுவோடு இந்த ஊர்களைப் பார்க்க முடியாது. உள்ளூர் வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் மட்டும் சிக்கனம் பிடிக்காதீர்கள். சுவான்சோவில் சீன மொழி மட்டும்தான் எடுபடும், கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலியும் பணம் செலுத்த அலிபேயும் புறப்படும் முன்பே தயாராக இருக்கட்டும். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, எனவே டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரக இணையதளத்தில் நீங்களே பாருங்கள். முகவர் சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்கள் இப்போது சீனாவுக்கு விசா இல்லாமலே 30 நாள் போய்வரலாம். பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள், கூபர் பீடி போன்ற ஊரில் பெரிய மருத்துவமனைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும்.

காலத்தைப் பொறுத்துச் சொன்னால்: சுவான்சோவுக்கு அக்டோபர் பாதிக்கு மேல் போங்கள், அந்த மாத முதல் வாரம் சீன விடுமுறை என்பதால் இடமே கிடைக்காது. மடேராவுக்கு ஏப்ரல், மே. மொய்னாக்குக்கும் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர். கூபர் பீடிக்கு ஜூன் முதல் ஆகஸ்ட். கெஸ்வாசாகாவுக்கு ஜூன் மட்டுமே, அதுவும் பாலம் கட்டும் நாளை விசாரித்துக்கொண்டு. எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்றுக்குத்தான் காசும் விடுப்பும் இருக்கிறது என்றால் சுவான்சோவுக்குப் போங்கள். கைய்யுவான் மடாலயத்தில், பெரிய மண்டபத்தின் பின்பக்கம். கண்ணன் இருக்கும் தூணைச் சுற்றி வந்து பார்க்க இடம் இருக்கிறது. காலை வெயில் ஏறுவதற்கு முன் போனால் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.